தமிழ்ச்செல்விக்கு எத்தனை எழுத்து?

த, மி, ழ், ச், செ, ல், வி. ஏழு எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே விரல் மடக்கிச் சொல்லிவிடும். அதே பெயரைப் பிஎச்பி என்ற நிரல்மொழியிடம் கொடுத்து நீளம் கேட்டால் முப்பத்தொன்பது என்கிறது. கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பதின்மூன்று. மூன்றாவது முறை, சரியான கேள்வியைக் கேட்டால்தான் ஏழு வருகிறது. உலகத்து இணையதளங்களில் பத்தில் ஏழுக்கு மேல் பின்னாலிருந்து ஓட்டுவது இந்த மொழிதான் என்பதால், இந்த மூன்று விடைகளும் வெறும் வேடிக்கை இல்லை.

எங்கே உதைக்கும் என்று பார்க்க ஓர் இடம் வேண்டும். மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைத் தாண்டித் திரிங்காப் போகும் சாலையில் இருக்கிறது கியா பார்ம். சோளம், ஸ்ட்ராபெரி, சர்க்கரைவள்ளி, தேன், கள்ளிச்செடித் தொட்டிகள் என்று சாலையோரம் நீளும் காய்கறிச் சந்தை. பக்கத்தில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை. மேலே தகவல் தொடர்புக் கோபுரங்களோடு நிற்கும் பிரிஞ்சாங் மலை. பள்ளி விடுமுறை வந்தால் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வரும் கார்கள் இந்தச் சந்தை முன்னால்தான் நகராமல் நிற்கும். வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். சந்தைக்கு மேலே நான்கு அறையுள்ள ஒரு ஹோம்ஸ்டே இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதற்கு ஓர் இணையதளம். அதை யாரோ ஒரு சொந்தக்காரப் பையன் சில வருடங்களுக்கு முன், பிஎச்பியில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸ் என்ற தளக்கருவியில் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நம் தமிழ்ச்செல்வி அதில் அறை பதிகிறார்.

பதிவுச் சீட்டில் பெயருக்கு இருபது இடம்தான் என்று பையன் அன்று எழுதிவைத்திருந்தால், சீட்டில் வருவது "தமிழ்ச". அதன் பின்னால் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பையன் இருபது எழுத்து என்று நினைத்தான். மொழி இருபது பைட் என்று எடுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட்டில் அடங்கும். இன்று இணையம் முழுக்க வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆறு குறிக்குப் பதினெட்டு போனது; ஏழாவதில் இரண்டு பைட் உள்ளே, ஒன்று வெளியே. கத்தி எழுத்தின் நடுவில் இறங்கிவிட்டது. அந்த வைரக் கேள்விக்குறி, வெட்டுப்பட்ட எழுத்தின் இடத்தில் நடப்பட்ட கல்.

அப்படியானால் பதின்மூன்று எங்கிருந்து வந்தது? யூனிகோடில் 'மி' ஒரு குறி அல்ல. ம தனி, மேல்விலங்கு தனி. 'ழ்' என்பது ழ, அதன்மேல் புள்ளி. இப்படிப் பிரித்தால் தமிழ்ச்செல்வி பதின்மூன்று துண்டு. மூன்றால் பெருக்கினால் முப்பத்தொன்பது பைட். குறுஞ்செய்திக்கும் இந்தத் துண்டுக் கணக்குதான்: ஆங்கிலத்தில் 160 இடம் தரும் ஒரு செய்தி, தமிழ் நுழைந்தால் 70 ஆகச் சுருங்கும். அந்த எழுபதில் பெயர் மட்டுமே பதின்மூன்றைத் தின்றுவிடுகிறது. "உங்கள் அறை உறுதி" என்று சொல்லி, தேதியும் முகவரியும் சேர்ப்பதற்குள் இரண்டாவது செய்திக்குக் காசு போய்விடலாம்.

பிஎச்பியைக் குற்றம் சொல்வதற்கு முன் அது பிறந்த விதத்தைப் பார்க்க வேண்டும். கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் படித்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், இணையத்தில் போட்டிருந்த தன் வேலைத்தகுதிப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறியச் சில சிறு கருவிகளை எழுதினார். அவற்றை 1995 ஜூன் 8 அன்று எல்லோருக்கும் பொதுவில் வைத்தார். 'தனிமனிதர் முகப்புப் பக்கக் கருவிகள்' என்பதுதான் அன்று பெயரின் பொருள். ஒரு மொழியை உருவாக்க வேண்டும் என்று அவர் உட்காரவில்லை. இஸ்ரேலின் டெக்னியன் கல்லூரி மாணவர்களான ஸீவ் சுராஸ்கியும் ஆண்டி குட்மன்ஸும் அடித்தளத்தைத் திருத்தி எழுத, 1998-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருப்பிக் கொடுக்கலாம். அந்தத் திறப்புதான் அதை உலகெங்கும் கொண்டுபோனது. பைட்டும் எழுத்தும் ஒன்று என்ற எண்ணமும் கூடவே போனது.

தமிழ் இணையத்தின் பாதி வீடு இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2003-இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளோடு நிற்கும் தமிழ் விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கியில். அது பிஎச்பியில் எழுதப்பட்டது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கிச் சேர்த்துவைக்கும் நூலகம் தளமும் அப்படியே. கட்டற்ற தமிழ் மின்னூல்களை வழங்கும் ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் வேர்ட்பிரஸில் இருக்கிறது. கல்லூரிகள் பாடம் நடத்தும் மூடில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்த பிஎச்பிப் பிள்ளை. உலகத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸ் ஒன்றே தாங்குகிறது. நம் ஹோம்ஸ்டேயும் அதில் ஒன்று.

எழுத்துச் சிக்கலை அந்தச் சமூகம் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. 2005 வாக்கில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. ஆறாம் பதிப்பில் மொழி முழுவதுமே யூனிகோடைப் பிறப்பிலேயே அறிந்ததாக இருக்கும். எந்த நாட்டு எழுத்தும் எழுத்தாகவே எண்ணப்படும். ஆண்ட்ரேய் ஸ்மியெவ்ஸ்கி என்ற நிரலாளர் முன்னின்றார். உள்ளே எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு பைட் அகலத்தில் வைக்க முடிவெடுத்தார்கள். அதனால் நினைவகச் செலவு ஏறியது, வேகம் இறங்கியது, திருத்த வேண்டிய பகுதிகள் முடிவில்லாமல் நீண்டன. வேலை செய்ய முன்வந்தவர்களோ சிலர். 2010 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குள் 'பிஎச்பி 6' என்று அட்டையில் அச்சிட்ட புத்தகங்கள் கடைகளுக்கு வந்திருந்தன. பிறக்காத பிள்ளைக்கு எழுதிய ஜாதகம். குழப்பம் வேண்டாம் என்று, 2015-இல் வந்த அடுத்த பெரும்பதிப்புக்கு நேராக ஏழு என்று எண் கொடுத்தார்கள். ஆறாம் பதிப்பு இன்றுவரை இல்லை.

பெரிய வீடு கட்ட முடியாமல் போனதால் ஒட்டுத்திண்ணைகள்தான் கைகொடுத்தன. அவற்றில் முக்கியமானது எம்பிஸ்ட்ரிங் என்ற துணைத்தொகுதி. ஒன்றுக்கு மேற்பட்ட பைட் கொண்ட எழுத்துகளைக் கையாள்வது அதன் வேலை. அதைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் நாட்டில் யூனிகோடுக்கு முன்பே மூன்று நான்கு குறியேற்ற முறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பிஎச்பி அவர்களுக்கு வேலைக்கு ஆக வேண்டுமென்றால் இதைச் செய்தே தீர வேண்டியிருந்தது. தமிழ்ச்செல்விக்கு முப்பத்தொன்பதுக்குப் பதில் பதின்மூன்று என்ற விடையைத் தருவது அந்த ஜப்பானியத் திண்ணைதான். ஜப்பானிய மொழியில் ஒரு துண்டு பெரும்பாலும் ஓர் எழுத்து என்பதால் அவர்களுக்கு அதுவே போதும். கொம்பும் புள்ளியும் தனியே நிற்கும் தமிழுக்கு அது பாதி வழி. ஏழு என்ற விடை, யூனிகோடு கூட்டமைப்பின் விதிகளைச் சுமந்துவரும் இன்டில் என்ற இன்னொரு தொகுதியில் இருக்கிறது. அது இயல்பாகத் திறந்திருப்பதில்லை. மலிவான ஹோஸ்டிங்கில் பல இடங்களில் நாமே தேடித் திறக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழுலகில் வேறு வழியும் யோசிக்கப்பட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தந்துவிடலாம் என்ற வாதம் டேஸ்-16 என்ற குறியேற்றமாகி, 2010-இல் தமிழ்நாடு அரசு அதையும் யூனிகோடையும் சேர்த்து ஏற்றது. அதில் எண்ணிக்கைச் சிக்கலே எழாது. ஆனால் உலகத்து மென்பொருள் அனைத்தும் யூனிகோடில் பேசும்போது தனி எண்ணை வைத்துக்கொண்டு ஒரு ஹோம்ஸ்டே அறைகூடப் பதிய முடியாது என்பதே நடைமுறை. மலேசியாவுக்கு இந்த விவாதம் அந்நியமல்ல. முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியது இங்கேதான். தமிழ் இணைய மாநாடு 2001-இல் கூடியதும் கோலாலம்பூரில்தான்.

சரி, இந்தத் திண்ணைகளையெல்லாம் பராமரிப்பது யார்? 2021-இல் இந்தக் கேள்வி இரண்டு முறை பயமுறுத்தியது.

முதலாவது மார்ச் 28. பிஎச்பியின் மூல நிரலில் ஒரு சிறு திருத்தம் வந்து சேர்ந்தது. எழுத்துப்பிழை திருத்தம் என்று குறிப்பு. அனுப்பியவர் பெயர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். உள்ளே பார்த்தால் ஒரு கொல்லைப்புறக் கதவு: தளத்துக்கு வரும் கோரிக்கையில் குறிப்பிட்ட ஒரு சொல் இருந்தால், வந்தவர் சொல்வதையெல்லாம் சர்வர் செய்யும். ராஸ்மஸ் அதை அனுப்பவில்லை. அதைக் கண்டுபிடித்து நீக்கினார்கள். நீக்கியதை மீண்டும் சேர்த்து இன்னொரு திருத்தம் வந்தது, இந்த முறை இன்னொரு முக்கிய நிரலாளரான நிகிதா போபோவ் பெயரில். அதுவும் போலி. மாற்றங்களை ஒருவருக்கொருவர் சரிபார்க்கும் பழக்கம் இருந்ததால் சில மணி நேரத்தில் பிடிபட்டது. வெளியான எந்தப் பதிப்பிலும் அது ஏறவில்லை. ஏறியிருந்தால், கியா பார்ம் முதல் கிரீன்லாந்து வரை திறந்த வீடுதான். சமூகம் தன் சொந்த சர்வரை நம்புவதை விட்டுவிட்டு மூல நிரலைக் கிட்ஹப் என்ற வெளித்தளத்துக்கு மாற்றியது.

இரண்டாவது நவம்பர். நிகிதா போபோவ் ஜெர்மானியர். பள்ளி மாணவனாக இருக்கும்போதே பிஎச்பிக்குத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கியவர். அப்போதைய பதிப்புகளின் பெரும் பகுதி அவர் கைவண்ணம். நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் சம்பளம் கொடுத்து அவரை இந்த வேலைக்கே வைத்திருந்தது. அவர் வேறு திட்டத்துக்குப் போகிறேன் என்றார். தவறே இல்லை, யாரும் வாழ்நாள் முழுக்க ஒரே தோட்டத்தில் கொழுந்து பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கிளம்பினால் அந்த நிரலின் ஆழத்தை அறிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது சமூகத்துக்கு வியர்த்தது. நிரலாளர்களிடம் இதற்கு ஒரு கொடூரமான அளவுகோல் உண்டு: எத்தனை பேர் பஸ்ஸில் அடிபட்டால் திட்டம் நின்றுபோகும்? உலகத்து இணையத்தில் பெரும்பங்கைத் தாங்கும் மொழிக்கு விடை இரண்டு என்று அந்த ஆண்டு மே மாதத்திலேயே பிஎச்பி நிரலாளர் ஜோ வாட்கின்ஸ் எழுதியிருந்தார். அந்த இருவரில் ஒருவர்தான் இப்போது விடைபெற்றார்.

அதே நவம்பர் 22 அன்று பிஎச்பி ஃபவுண்டேஷன் அறிவிக்கப்பட்டது. ஜெட்பிரெயின்ஸ், வேர்ட்பிரஸ் வியாபாரத்தில் பெரிய கையான ஆட்டோமேட்டிக், லாரவெல், சிம்ஃபனி எனப் பத்து நிறுவனங்கள் சேர்ந்து காசு போட்டன. தனி ஆட்களும் மாதம் ஐந்து, பத்து டாலர் தரலாம். அந்தப் பணத்தில் இப்போது பத்துப் பேர் அளவில் முழுநேரமோ பகுதிநேரமோ இதே வேலையாக இருக்கிறார்கள். ஜெர்மனி அரசின் சாவரின் டெக் ஃபண்ட் 2024-இல் இரண்டு லட்சம் யூரோவுக்குச் சற்று மேல் கொடுத்தது. சாலைக்கும் பாலத்துக்கும் செலவழிப்பதுபோல் பொது மென்பொருளுக்கும் அரசு செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேர்பிடித்திருக்கிறது. மூல நிரலை வெளியார் தணிக்கை செய்து 2025-இல் அறிக்கையும் வந்தது. நிகிதா போனார். திட்டம் நிற்கவில்லை.

எழுத்துக்குத் திரும்பலாம். 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பில் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாக உடைத்துத் தரும் கட்டளை புதிதாக வந்தது. மக்கள் எழுத்து என்று எதைச் சொல்வார்களோ அந்த எழுத்து: தமிழ்ச்செல்வியைக் கொடுத்தால் ஏழு துண்டுகள், ஒவ்வொன்றும் முழுசாக. சொல்லின் முன்பின் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தைச் சீவும் பழைய கட்டளைக்கு யூனிகோடு அறிந்த தம்பியும் வந்தான். வாட்ஸ்ஆப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளி கூடவே வந்து, 'உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை' என்று தளம் கைவிரிப்பது எத்தனை பேருக்கு நடந்திருக்கும்! முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் கட்டளை ஒன்றும் சேர்ந்தது. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற சாதி இல்லாததால் அது நமக்குப் பயனில்லை.

2025 நவம்பர் 20 அன்று வந்த 8.5 பதிப்பில் இருப்பது இன்னும் சுவையானது: இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை எழுத்து வித்தியாசம் என்று எழுத்துக் கணக்கில் சொல்லும் கட்டளை. பழைய கட்டளை பைட் கணக்கில் அளக்கும். அதற்குக் கல்லும் காலும் மூன்று அடி தள்ளி நிற்கும். பல்லும் பள்ளும் ஒரே அடி. காரணம், துணைக்கால் ஒன்று கூடினால் மூன்று பைட் கூடும். ல இருந்த இடத்தில் ள வந்தால் கடைசி பைட் மட்டும் மாறும். படிக்கிறவருக்கோ இரண்டு ஜோடியிலும் மாறியது ஓர் எழுத்து. 'நீங்கள் தேடியது இதுவா?' என்று கேட்கும் தேடுபெட்டிகள், பிழைதிருத்திகள் எல்லாம் இந்த அளவை நம்பித்தான் இயங்குகின்றன. அளவுகோலே கோணலாக இருந்தால் தமிழ்ப் பரிந்துரைகளும் கோணலாகத்தான் வரும்.

இந்த மூன்று நான்கு கட்டளைகளையும் முன்மொழிந்து, வாதாடி, எழுதிச் சேர்த்தவரும் ஒரு ஜப்பானிய நிரலாளர்தான். யாரும் முன்மொழியலாம், என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று விளக்கி எழுதி விவாதத்துக்கு வைக்க வேண்டும், பிறகு வாக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் மொழியில் ஏறும். கதவு பெயரளவில் மட்டும் திறந்திருக்கவில்லை, நிஜமாகவே திறந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதவு வழியே ஜப்பானியர்கள் தம் எழுத்தின் தொல்லைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து போயிருக்கிறார்கள். விக்கிப்பீடியாவில் எந்த மென்பொருளும் நிறுவாமல் தமிழ்99 விசைமுறையில் தட்டச்சு செய்ய முடிவதற்கும் இதேபோல் ஒரு பின்கதை உண்டு. அந்த உள்ளீட்டுக் கருவியில் பெரும் உழைப்பு சந்தோஷ் தோட்டிங்ஙல் உள்ளிட்ட மலையாள நிரலாளர்களுடையது. தம் மொழிக்குச் செய்யப் போய் நமக்கும் செய்தார்கள். தமிழர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது: எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றில் முன்னோடிகள் நாம், முத்தையா அண்ணாமலை தொடங்கிய ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுதி தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிப்பதை எப்போதோ செய்துவிட்டது. ஆனால் மொழியின் மேலே கருவி கட்டிய அளவுக்கு, மொழியின் அடித்தளத்துக்குள் போய் உட்கார நாம் பழகவில்லை.

எழுத்தைத் தப்பாக எண்ணினால் பெயர் வெட்டுப்படும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். திருடனும் அந்த வழியாகத்தான் வருகிறான்.

2024-இல் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய் ஓர் ஓட்டையைக் கண்டார். ஒரு குறிப்பிட்ட முறையில் பிஎச்பி ஓடும்போது, முகவரியின் பின்பகுதி கோடு ஒன்றோடு தொடங்கினால் சர்வர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் என்பது 2012-இலேயே தெரிந்து, கோடு வந்தால் தடு என்று காவல் போட்டிருந்தார்கள். யூனிகோடில் இன்னொரு கோடு இருக்கிறது: சொல்லை வரி இறுதியில் உடைக்க உதவும் மென்கோடு. காவலாளி அதை வேறு எழுத்து என்று உள்ளே விட்டார். சீன, ஜப்பானிய மொழி அமைப்பிலிருக்கும் விண்டோஸ், 'கிட்டத்தட்ட அதேதான்' என்று அந்த மென்கோட்டை உள்ளே போனபின் சாதாரணக் கோடாக மாற்றிக் கொடுத்தது. மாறுவேடத்தில் வாசலைத் தாண்டியவன், கூடத்துக்குள் வேடம் கலைத்த கதை. ஜூன் 6 அன்று திருத்தம் வந்தது. சில நாட்களுக்குள்ளேயே பணம் பறிக்கும் கும்பல்கள் திருத்தம் போடாத சர்வர்களைத் தேடி இறங்கிவிட்டன.

இதைவிட ரசமான கதை வேர்ட்பிரஸில் நடந்தது. 2015 ஏப்ரலில் வந்த 4.2 பதிப்பில் இமோஜி சேர்த்தார்கள். தீவிரமான தளங்களுக்கு மஞ்சள் முகமெல்லாம் எதற்கு என்று பலர் முணுமுணுத்தார்கள். உண்மையில் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புத் திருத்தம் ஒளிந்திருந்தது. தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல் 'யூடிஎஃப்-8' என்று பெயர் வைத்திருந்த முறை மூன்று பைட் வரைதான் தாங்கும். நான்கு பைட் எழுத்து ஒன்று வந்தால் அதோடு வரியை வெட்டிவிட்டு மீதியை வீசிவிடும். அந்த வெட்டை வைத்துக் கருத்துப்பெட்டி வழியாகத் தளத்துக்குள் விஷ நிரலை இறக்க முடிந்தது. ஓட்டை இருக்கிறது என்று முன்கூட்டி அறிவித்தால் திருடர்கள் முந்துவார்கள். அதனால் இமோஜிக்கும் நான்கு பைட் வேண்டும் என்ற சாக்கில் அடித்தளத்தை மாற்றினார்கள்.

இதில் தமிழுக்கும் ஒரு கொசுறு. மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளும் நிலக்கணக்குக் குறிகளும் 51 எண்ணிக்கையில் 2019-இல் யூனிகோடில் ஏறின. இவை ஒவ்வொன்றும் நான்கு பைட். மஞ்சள் முகங்களுக்காகப் போட்ட பாதையில்தான் நம் பாட்டனாரின் முந்திரிக் கணக்கு இன்று வேர்ட்பிரஸ் தளங்களில் ஏற முடிகிறது.

திறந்த சமூகம் என்றால் சண்டை இல்லாத சமூகம் என்று பொருளில்லை. வேர்ட்பிரஸை நிறுவியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக், 2024 செப்டம்பரில் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் சமூகத்தின் உழைப்பில் லாபம் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை என்று பகிரங்கமாகச் சாடினார். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குத் துணைநிரல் புதுப்பிப்புகள் போகும் வழியையும் அடைத்தார். வழக்கு அமெரிக்க நீதிமன்றம் போய், டிசம்பரில் வழியைத் திறந்துவிடும்படி இடைக்கால உத்தரவு வந்தது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம். எங்கோ இருவர் சண்டையில் எந்தத் தவறும் செய்யாத சிறு தளங்கள் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காமல் நின்றன என்பது மறுபுறம். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கும் ஒரு விநியோக வாசல் இருக்கிறது, அதன் சாவி யாரிடமோ இருக்கிறது என்பதைப் பலர் அன்றுதான் கவனித்தார்கள்.

நம் ஹோம்ஸ்டேக்கு வருவோம். பையனைக் கூப்பிட்டு வைத்து முதலில் இன்டில் தொகுதியைத் திறக்கச் சொல்ல வேண்டும். அதில் எண்ணிக்கை மட்டுமல்ல, வேறு சரக்கும் இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்குச் சந்தையில் வாங்கவேண்டிய பட்டியலைச் சாதாரணக் கட்டளையால் அகர வரிசைப்படுத்தினால் கறிவேப்பிலை முன்னால், கல்கண்டு பின்னால் வரும். யூனிகோடு அட்டவணையில் றகரம் ரகரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து லகரத்தை முந்திக்கொண்டிருப்பதால் வரும் வினை. இன்டிலில் உள்ள வரிசைக் கட்டளை அகராதிப்படி கல்கண்டை முன்னால் வைக்கும். ஒற்றைக்கொம்பும் காலும் பிரித்துத் தட்டச்சு செய்த 'கொ', சேர்த்துத் தட்டச்சு செய்த 'கொ' இரண்டும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அதை ஒன்றாக்கும் வழியும் அங்கேதான்.

மலேசியத் தமிழருக்கென்றே ஒரு நுணுக்கமும் அதில் உண்டு. உலக மொழி வழக்குகளைத் தொகுக்கும் யூனிகோடு களஞ்சியத்தில் தமிழுக்கு நான்கு நாட்டுப் பிரிவுகள் இருக்கின்றன: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர். இந்தியத் தமிழ் என்று அமைத்தால் வருடாந்திரக் கணக்கு 1,25,000 என்று லட்சக் காற்புள்ளியோடு வரும். மலேசியத் தமிழ் என்று அமைத்தால் 125,000; முன்னால் ரிங்கிட்டுக்கான ஆர்எம் குறி. பேச்சில் இங்கேயும் லட்சம்தான், எழுத்தில் காற்புள்ளி மூன்று இலக்கத்துக்கு ஒன்று. இந்த வித்தியாசத்தைக் கவனித்து யாரோ ஒருவர் களஞ்சியத்தில் பதிந்துவைத்ததால்தான் அது கியா பார்ம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. 'பக்ஷி' என்று கொடுத்தால் இயந்திரம் மூன்று என்கிறது: ப, க், ஷி. பலர் இதை ப, க்ஷி என்று இரண்டாகத்தான் எண்ணுவார்கள். 2023-இல் வந்த யூனிகோடு 15.1, கூட்டெழுத்துகளை உடைக்காமல் ஒன்றாக வைக்கும் விதியைத் தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றுக்குத் தந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பொதுவாக அது நல்லதுதான். நாம் மெய்யைப் புள்ளி வைத்துத் தனி எழுத்தாக எண்ணுகிறவர்கள், 'க்க' நமக்கு இரண்டு. க்ஷவும் ஸ்ரீயும் மட்டும்தான் விதிவிலக்கு. இந்த இரண்டு கிரந்த எழுத்துகளுக்காக ஒரு தனி விதி வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க ஜப்பானியர் வரமாட்டார்கள்.

பையனுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தளம் பிஎச்பி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று பார்ப்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் இப்போது நான்கு வருட ஆயுள்: இரண்டு வருடம் எல்லாப் பிழைகளுக்கும் மருந்து, அடுத்த இரண்டு வருடம் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். 7.4 பதிப்பின் காலம் 2022 நவம்பரிலேயே முடிந்தது. இன்னும் அதில் ஓடும் சிறு தளங்கள் உலகெங்கும் உண்டு. தளம் திறக்கிறதே, பிறகென்ன என்ற நினைப்புதான். 8.1 பதிப்பு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது, 8.2-இன் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. ஆயுள் எல்லாம் வருடக் கடைசி நாளில் முடியும்படி சமூகம் அண்மையில் ஏற்பாடு செய்திருக்கிறது, நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்று. கியா பார்மில் அந்த வாரம் சந்தைக்கு முன்னால் கார்கள் நகராது, நான்கு அறையும் நிரம்பியிருக்கும், தளத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வராது. பையனை நவம்பரிலேயே கூப்பிட வேண்டும்.